நாவின் குற்றமா, செவியின் பழக்கமா?

தாமிரவருணிக் கழிமுகத்தில் பாண்டியரின் முத்துத் துறையாய் விளங்கிய கொற்கையை யவனர் தம் ஏடுகளில் ‘கொல்கொய்’ என்று எழுதி வைத்தனர். கி. பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூலிலும், இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இயற்றிய பூகோள நூலிலும் இப்பெயரே காணப்படுகிறது. கருங்கடற் கரையில் இதே பெயருடைய ஒரு ஜனத்தாரை யவனர் முன்னமே அறிவர். புதிய ஊரின் பெயர் காதில் விழுந்ததும், பழகிய பெயரின் அச்சிலேயே அதை வார்த்துக்கொண்டனர் போலும்! பிற்காலத்து ஐரோப்பியர் திருநெல்வேலியை ‘டின்னவெல்லி’ என்றும், தூத்துக்குடியை ‘டூட்டிகொரின்’ என்றும் ஆக்கினர். இவர்களை மந்தபுத்தியுடையோரென்று எவரும் இகழ்ந்ததில்லை. அவர்களுடைய பிழையே சர்க்கார் தஸ்தாவேஜுகளில் ஏறி நெடுங்காலம் ஆட்சி செலுத்திற்று.

நம் பிள்ளைகள் விஷயத்தில் மாத்திரம் நியாயம் வேறாக இருக்கிறது. ஏரலிலிருந்தோ ஸ்ரீவைகுண்டத்திலிருந்தோ உத்தியோகம் தேடிப் பட்டணம் செல்லும் இளைஞன் இங்கிலீஷ்ச் சொல்லொன்றைச் சற்றுப் பிசகி உச்சரித்தால், எதிரே வீற்றிருப்போர் உதட்டில் நகை அரும்புகிறது. நகைப்பவரும் பெரும்பாலும் நம்மவரே! இந்தப் பரிகாசம் அநியாயமானது என்பதோடு, அறியாமையின்பாற் பட்டது என்றும் நாம் சொல்லுகிறோம். இதற்கு ஜப்பானியரின் அனுபவமே தக்க சான்று.

ஜப்பானிய பாஷையில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் வேற்றுமை இல்லை. அவ்விடத்தில் ஒரே ஒலிதான் உண்டு. ஆகவே அரிசியைக் குறிக்கும் ‘ரைஸ்’ என்ற இங்கிலீஷ்ச் சொல்லும், பேனைக் குறிக்கும் ‘லைஸ்’ என்ற சொல்லும் அந்நாட்டார் பலர்க்கு ஒன்றாகவே கேட்கின்றன. இது காதின் ஊனமா? அன்று. 1975-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அவ்விரு ஒலிகளையும் வேறுபடுத்தும் நாதக் கூற்றை மட்டும் தனியே பிரித்து, பேச்சென்று தோன்றாதபடி ஒலிக்கச் செய்தனர். அப்பொழுது ஜப்பானியரும் அமெரிக்கருக்கு இணையாகவே வேற்றுமையை உணர்ந்தனர். 2006-ல் வெளியான வேறோர் ஆராய்ச்சி, ஆறு முதல் எட்டு மாதச் சிசுக்களில் ஜப்பானியக் குழந்தையும் அமெரிக்கக் குழந்தையும் ர, ல ஒலிகளைச் சமமாகவே பிரித்தறிவதைக் காட்டிற்று. ஓராண்டு நிரம்புமுன் ஜப்பானியக் குழந்தையின் திறமை குன்றுகிறது. அமெரிக்கக் குழந்தையின் திறமை வளர்கிறது. வெள்ளைக்காரரும் இந்த விதிக்கு விலக்கல்லர். இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் ஹிந்தியின் தகர டகரங்களைப் பிரித்துணர்ந்து, ஓராண்டுக்குள் அத்திறனை இழப்பதை 1984-லேயே கனடாவில் கண்டறிந்தனர். தாய்மொழி செவிக்கு வேலியிடுகிறது. அவ்வேலி எல்லா ஜாதியாருக்கும் பொது.

நமக்குள்ள வேலி யாது? ‘பாம்பு’ என்ற சொல்லில் பகரம் இருமுறை வருகிறது. மொழிமுதலில் வலித்தும், மகரத்தின்பின் குழைந்தும் ஒலிக்கிறது. ஓசை இரண்டு, எழுத்து ஒன்று. இடத்தை நோக்கி ஒலி தானே மாறுவதால் அவ்வேற்றுமையைச் செவி கவனிப்பதில்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார், 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இவ்வியல்பை ஒரு விதியாகவே எடுத்துரைத்தார். கொற்கையில் மண்ணை அகழ்ந்து ஆராய்ந்தவரும் அவரே. குண்டூசிக்கும் குப்பைத் தொட்டிக்கும் உரிய இங்கிலீஷ்ச் சொற்கள் இரண்டும் தமிழில் ‘பின்’ என்றே எழுதப்படுகின்றன. தமிழை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை அவற்றின் முதலொலிகளை மயங்குவதில் வியப்பென்ன?

வேலி உண்டெனினும் அதில் வாயிலும் உண்டு. அமெரிக்காவில் இந்தியானா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர், ர, ல ஒலிகளால் மட்டும் வேறுபடும் இணைச்சொற்களைப் பலர் குரலில் பதிவுசெய்து ஜப்பானியருக்குக் கேட்பித்தனர். ஒவ்வொரு விடையும் சரியா தவறா என்பதை உடனே அறிவித்தனர். 1991-ல் வெளியான அவர்கள் முடிவின்படி, நூற்றுக்கு 78 ஆயிருந்த சரியான விடை 86 ஆக உயர்ந்தது. இது சிறிய ஏற்றமே; ஆயினும் வயது முதிர்ந்தோர் செவியும் திருந்தும் என்பதற்கு அது போதும். 1993-ல் மற்றோர் உண்மை புலப்பட்டது. ஒருவர் குரலிலேயே பயின்றோர் புதியவர் குரலைக் கேட்டதும் தடுமாறினர்; பலர் குரலில் பயின்றோரே புதுக்குரலையும் அறிந்தனர். வாய்க்குப் பயிற்சியே தராமல் செவிக்கு மட்டும் பயிற்சி தந்த இடத்தும் உச்சரிப்புத் திருந்திற்று என்று 1997-ல் கண்டனர்.

நமது பாடசாலைகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. ஒரே உபாத்தியாயர் குரலை நாள்தோறும் கேட்பித்து, காது பிரித்தறியாத ஒலியை வாயால் சொல்லென்று பிள்ளையை வருத்துகிறோம். முதலில் செவியைப் பழக்க வேண்டும். இணைச்சொற்களைப் பல குரல்களில், தினம் கால்மணி நேரம் கேட்பித்தால் போதும். கைபேசியில் ஒலிப்பதிவு செய்வது எளிதாகிவிட்ட இக்காலத்தில் இதற்குப் பெருஞ்செலவும் இல்லை.

இங்கிலீஷுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தத் தென்சீமையிலேயே பலருடைய பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டது. தாமிரவருணிக் கரையில் வளரும் வாழைக்கும் நீரில் துள்ளும் வாளைக்கும் ஓசையில் பேதம் இல்லாமற் போயிற்று. இங்கும் ‘ழ’ சொல்லென்று அதட்டுவதால் பயனில்லை. காதில் மங்கிய ஒலியை நாக்கு எங்கிருந்து கொணரும்? வாழை, வாளை, வழி, வளி, இவற்றை இணையிணையாகப் பிள்ளைகள் செவியில் ஏற்றுவதே தக்க வழி. அந்நிய பாஷைக்குப் பயன்பட்ட முறையைத் தாய்மொழிக்கு வழங்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

கல்வி இலாகாவினர் உபாத்தியாயப் பயிற்சியில் இதற்கு இடம் தர வேண்டும். அதுவரையில் காத்திராமல், தேசாபிமானமுள்ள இளைஞர் அவரவர் ஊர் வாசகசாலையில் இதைத் தொடங்கலாம். பிறர் உச்சரிப்பைக் கேட்டு நகைப்போர், தாம் வாழைப்பழம் என்று சொல்லுவதை ஒருமுறை உற்றுக் கேட்பார்களாக!