குப்பையும் நகராண்மையும்

குப்பை என்னுஞ் சொல்லின் அடிப்படைப் பொருள் குவியல் என்பதாம். நெற்குவியலை நெற்குப்பை என்றனர் நம் முன்னோர். அப்பெயர் பூண்ட ஊர் ஒன்று செட்டிநாட்டில் இன்றும் உளது. இச்சொற்பொருளை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். வாழைத்தோலும், பழந்தாளும், கண்ணாடிப் புட்டியும் தனித்தனியே நிற்குங்கால் ஒன்று உரமாகும். ஏனையவை மீண்டும் பண்டமாகும். அவை ஒரு தொட்டியில் ஒருங்கே குவியுங்கால், ஒன்றையொன்று கெடுத்து எதற்கும் உதவாதனவாகின்றன. ஆதலின், நகராண்மைக் கழகங்கள் வகுக்குங் குப்பைத் திட்டம் எதுவும் வீட்டு வாயிலில் தொடங்குதல் வேண்டும். ஊர்ப்புறத்து மேட்டில் தொடங்குந் திட்டம் எத்துணைப் பொருளை விழுங்கினும் பயன் தராது என்பதே எமது துணிபு.

சட்டத்திற்குக் குறைவில்லை. 1992-ஆம் ஆண்டின் எழுபத்து நான்காவது அரசியற் சட்டத் திருத்தம், திடக்கழிவைப் பேணுதலை நகர மன்றங்கள் ஏற்றற்குரிய பணிகளுள் ஒன்றாக எண்ணிற்று. 2000-ஆம் ஆண்டில் விதிகள் பிறந்தன. 2016-ஆம் ஆண்டு விதிகளோ, ஈரக் கழிவு, உலர் கழிவு, தீங்கு பயக்கும் வீட்டுக் கழிவு என மூவகையாக இல்லத்தார் பிரித்தளித்தல் வேண்டும் எனத் தெளிவாகப் பணித்தன. விதி இவ்வாறிருக்க, நடந்தது யாது?

சென்னையை நோக்குவோம். அந்நகரத்துக் குப்பை வடக்கே கொடுங்கையூரிலும், தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெருங்குடியிலும் பல்லாண்டுகளாக மலையெனக் குவிக்கப்பட்டது. ஈரக் கழிவு காற்றுப் புகாது அழுகுமிடத்து மீத்தேன் என்னும் எரியும் வாயு தோன்றும். அடியிற் கசியும் நீர் நிலத்தடி நீரைக் கெடுக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு பற்றியெரிந்த புகையை நாட்கணக்கிற் சுவாசித்தவர் யாவர்? அம்மேட்டை அடுத்து வாழ்ந்தோரே. குப்பை செய்வது நகர் முழுவதும். அதனைத் தாங்குவது ஒரு மூலை. அம்மூலையும் பெரும்பாலும் ஏழை மக்கள் வாழும் மூலையாகவே அமைகின்றது. பழைய மேட்டை அகழ்ந்து பிரிக்கும் பணியை மாநகராட்சி மேற்கொண்டமை பாராட்டற்குரியதே. எனினும், கலந்த குப்பை நாடோறும் வருங்கால், ஒரு மேட்டைக் கரைத்துப் பிறிதொரு மேட்டை எழுப்பியவராவோம்.

இனி, எரியுலை அமைத்து மின்சாரம் பெறலாமே என்பார் உளர். கொடுங்கையூரில் அத்தகைய உலையை நிறுவுந் திட்டத்தை அப்பகுதி மக்கள் 2025-இல் எதிர்த்தனர். அவர்தம் எதிர்ப்பு நியாயமானதே. நம் நாட்டு நகரக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது ஈரக் கழிவு. நீர் நிறைந்த அதனை எரிப்பதற்கே வெப்பம் வீணாகும். நன்கு எரிவன தாளும் பிளாஸ்டிக்குமே. அவற்றுட் பெரும்பகுதியோ மறுபடியும் பண்டமாதற்கு உரியன. அன்றியும், நாடோறும் இரை கேட்கும் உலையை நிறுவிய நகரம் குப்பையைக் குறைக்க விழையுமோ?

வேறு வழி உண்டென்பதற்குக் கேரளத்து ஆலப்புழை சான்றாகும். அந்நகரம் தன் குப்பையை அயலூராகிய சர்வோதயபுரத்திற் கொட்டி வந்தது. அவ்வூரார் எதிர்த்து நின்றனர். வேறு போக்கின்மையால், 2012 முதல் வீடுதோறும் குழாய் உரக்கலங்களும் எரிவாயுக் கலன்களும், தெருக்களிடையே காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகளும் அமைத்து, ஈரக் கழிவைத் தோன்றிய இடத்திலேயே உரமாக்கலாயிற்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பும் 2017-இல் அந்நகரத்தை உலகிற்கு எடுத்துக்காட்டிற்று.

"நம் மக்கள் பிரித்துத் தாரார்" என்பது அதிகாரிகள் பலர் கூறும் விடை. இல்லத்தாள் இரு கூடைகளில் வகுத்து வைத்ததை, வாயிலில் வந்த வண்டி ஒன்றாகக் கொட்டிச் செல்லுமாயின், மறுநாள் அவள் வகுப்பாளோ? மக்களைக் குறை கூறுமுன் வண்டியைத் திருத்துதல் வேண்டும். ஈரத்திற்கும் உலருக்கும் வெவ்வேறு வண்டி, அன்றேல் வெவ்வேறு நாள் குறிக்க. கொணரும் எடைக்கேற்பக் கூலி தரும் ஒப்பந்தம் உள்ளவிடத்து அதனை மாற்றுக. எடைக்கே கூலியெனின், கலந்து கொட்டுவோனுக்கன்றோ ஊதியம் மிகும்? வட்டந்தோறும் உரக்கூடம் அமைக்க. நெடுங்காலமாக நம் தாளையும் தகரத்தையும் பொறுக்கிக் காயலான் கடைகளிற் சேர்த்து, எவரும் ஏவாமலே ஊருக்கு உதவி வந்த ஏழையரை விரட்டாது, அடையாளச் சீட்டும் கையுறையும் உரிய கூலியும் ஈந்து திட்டத்துட் சேர்க்க. 

நெகேமியா எருசலேமின் அலங்கத்தைப் புதுப்பித்த வரலாற்றை நம்மிற் பலர் கற்றிருப்பர். ஆங்குக் குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவன் மல்கியா என்னும் ஒரு மாகாணத்துப் பிரபு. நம் நாட்டிலோ அவ்வாசல் ஒரு சாரார் தலையிலேயே சுமத்தப்பட்டுளது. துப்புரவுப் பணியாளர் வெறுங்கையால் அளையும் அழுக்கு நாம் கலந்து எறிந்ததே. பிரித்து வைத்தல் அவர்க்கு நாம் புரியும் தருமம் அன்று. செலுத்த வேண்டிய கடன்.

மாணாக்கத் தோழர்காள்! நம் விடுதி உணவறையில் இரண்டு தொட்டிகள் வைத்தற்கு அரசாணை வேண்டா. நாளை நம்மிற் சிலர் நகர மன்றங்களில் அமர்வர், சிலர் அதிகாரிகளாவர், எஞ்சியோர் வரி செலுத்தி வாக்களிப்பர். திட்டம் நம்முன் வருங்கால், "எங்கே கொட்டுவது?" என்று வினவாது, "எங்கே பிரிப்பது?" என்று முதற்கண் வினவுவோமாக.