பொத்தானைத் தட்டினால் படம் சொந்தமாகுமா?

வீட்டிலிருந்தே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் நேயர் ஒருவர், நிகழ்ச்சி முடிந்ததும் குறுந்தகவல் அனுப்பியிருந்தார். தீபாவளி விளம்பரத்துக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் படம் ஒன்று செய்தாராம். அதையே இன்னொருவர் எடுத்துத் தம் விளம்பரத்தில் போட்டுவிட்டார். “நான் கேட்டதால்தானே அந்தப் படம் வந்தது? அது என் சொத்து இல்லையா?”

நியாயமான ஆதங்கம்தான். ஆனால், “இதைப் படைத்த மனிதர் யார்?” என்றுதான் சட்டம் முதலில் கேட்கும்.

அமெரிக்காவின் ஜேசன் ஆலன், மிட்ஜர்னியில் உருவாக்கிய படத்துக்கு 2022இல் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினார். குறைந்தது 624 முறை கட்டளைகளை மாற்றி எழுதியதாகச் சொன்னார். இருந்தும், 2023 செப்டம்பரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கைவிரித்துவிட்டது. இரண்டே மாதத்தில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் வேறொரு வழக்கில், கட்டளைகளைத் தேர்ந்து திருத்தியவரின் சிந்தனை படத்தில் இருக்கிறது என்று கூறி, அவருக்கே உரிமை கொடுத்தது.

நம் சிங்கப்பூரில்? குதிரைப் பந்தய இதழ் பற்றிய 2011ஆம் ஆண்டு வழக்கில், பதிப்புரிமைக்கு மனிதப் படைப்பாளர் வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது செயற்கை நுண்ணறிவு வழக்கு அல்ல. ஆனாலும், வெறும் கட்டளையை நம்பி நீதிமன்றப் படி ஏறுவது கடினம்.

எனக்கு இதில் வருத்தம் இல்லை. அந்தச் செயலிக்கு வரையக் கற்றுக்கொடுத்தவை எத்தனையோ ஓவியர்களின் படங்கள். முறையாகக் கிடைத்த படைப்புகளைக் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காக நகலெடுக்க நமது 2021 பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. ஓவியரின் சம்மதம் தேவையில்லை. அவர்களுக்கே கேள்வி இல்லாதபோது, பொத்தானைத் தட்டிய நமக்கு மட்டும் முழு உரிமை வேண்டும் என்பது எப்படி?

அந்த நேயருக்கு நான் சொன்னது இதுதான். கடைப் பெயரையும் சின்னத்தையும் வணிக முத்திரையாகப் பதிவுசெய்யப் பாருங்கள். அது வேறு பாதுகாப்பு. படத்துக்கு, நமக்குத் தெரிந்த இளம் ஓவியர் ஒருவரிடம் கேளுங்கள். காசு கொடுத்து வரையச் சொன்னாலும் உரிமை பொதுவாக வரைந்தவருக்கே. அதனால், யாருக்கு என்ன உரிமை என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். அப்போது யாராவது எடுத்தால், “இதை வரைந்தவர் இவர்” என்று கைகாட்ட ஓர் ஆள் இருப்பார்.