அச்சு முறிஞ்ச ஊரிலிருந்து ஒரு வயித்தெரிச்சல்

மக்களே, எங்க ஊர் பேருக்கு ஒரு கதை உண்டு. முப்புரம் எரிக்கக் கிளம்பின சிவன், அவசரத்துல பிள்ளையாரைக் கும்பிடாம தேர் ஏறிட்டாராம். பிள்ளையாருக்குக் கோபம், தேரோட அச்சை முறிச்சுட்டார். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். ஜனங்க வாயில புரண்டு அச்சரப்பாக்கம் ஆயிடுச்சு. அந்தத் தேரை யாரும் பார்த்ததில்லை. ஆனா கதை பத்திரமா இருக்கு. சம்பந்தர் பாடி வெச்சுட்டார், கோயில்ல கல்வெட்டு இருக்கு, ஆயிரத்துச் சொச்சம் வருஷம் தாண்டியாச்சு.

ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல ராத்திரியோட ராத்திரியா சைக்கிள்ல கொண்டுபோய்க் குடுத்த துண்டுப் பிரசுரம் எங்கே இருக்கு? எங்கேயும் இல்லை. போன வருஷம் வரைக்கும் இருந்தது. கிலோ பன்னிரண்டு ரூபாய்க்குப் போயிடுச்சு.

எங்க தெருக்கோடியில ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருந்தார். எழுபதுகள்ல எம்.எல். கட்சி ஆளுங்களோட சுத்தினவர். கட்டிலுக்கடியில ஒரு டிரங்குப் பெட்டி. அதுல சைக்ளோஸ்டைல் அறிக்கை, கூலி உயர்வு நோட்டீஸ், சின்னச் சின்னப் பத்திரிகை, இன்லண்டு லெட்டர்னு எல்லாம் கிடந்தது. அதுவே பாதிதான். மீதியை எமர்ஜென்சியப்போ அவங்கம்மா எரிச்சுட்டாங்க. "ஒரு வாரம் எங்க வீட்ல லெனினைப் போட்டுத்தான் வெந்நீர் காய்ச்சினாங்கப்பா"ன்னு சிரிப்பார்.

"சார், ஒரு ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் போட்டோ எடுத்துடறேன்"னு மூணு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தேன். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட வெளியூர்ல இருக்கிற மகன் வீட்டைக் காலி பண்ணினார். விஷயம் தெரிஞ்சு நான் பழைய பேப்பர் கடைக்கு ஓடினா, "நேத்தே லோடு போயிடுச்சே தம்பி"ன்னார் கடைக்காரர். தராசுப் பக்கத்துல ஒதுங்கிக் கிடந்த நாலு தாள் மட்டும் கிடைச்சது. மகனைத் திட்ட எனக்கு வாயில்லை. அவருக்கு அது அப்பாவோட குப்பை. எனக்கு அது என்னன்னு தெரிஞ்சிருந்தும் நான் போகலையே.

அந்த நாலு தாள்ல ஒண்ணு மதுராந்தகம் பக்கத்து விவசாயக் கூலிகளுக்கான நோட்டீஸ். அதுல தேதி இல்லை, அச்சகம் பேர் இல்லை, எழுதினவர் பேரும் இல்லை. அச்சகத்தோட பேரைப் போட்டே ஆகணும்னு 1867 சட்டம் சொன்ன காலம் அது. போட்டா மறுநாளே அச்சகத்துக்காரர் ஸ்டேஷன்ல உட்காரணும். அதனால போடலை, சரிதான். ஆனா இப்ப அதைக் கையில வெச்சுக்கிட்டு எந்த வருஷத்துதுன்னு எப்படிச் சொல்றது? சொல்லக்கூடிய ஒரே ஆள் செத்துட்டார்.

இதை ஒரு தோழர்கிட்ட புலம்பினேன். அவர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம். "ஆவணமெல்லாம் பேராசிரியருங்க வேலை தோழர். இயக்கம் மக்கள் நினைவுல வாழும்."

வாழுமா? எண்ணிப் பார்க்கலாம் வாங்க.

கோவை அப்பு. தமிழ்நாட்டு நக்சல்பாரி இயக்கத்தோட முதல் தலைமுறைத் தலைவர். 1970ல காணாமப் போனார். போலீஸ்தான் கொன்னுச்சுன்னு தோழர்கள் இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க. உடல் கிடைக்கலை. அவர் என்ன பேசினார், எந்த விஷயத்துல யாரோட வாதாடினார்னு இன்னிக்கு ஒரு இருபது வயசுப் பையன் கேட்டா கையில எதைக் குடுப்பீங்க? தர்மபுரி பாலன் 1980ல கொல்லப்பட்டார். நாயக்கன்கொட்டாயில ரெண்டு பேருக்கும் சிலை இருக்கு. செப்டம்பர் 12 ஆனா மாலை போடறாங்க, வணக்கம். ஆனா சிலை பேசுமா?

எதிர்ப் பக்கம் பாருங்க. பெண்ணாடம் புலவர் கலியபெருமாள். தூக்குத் தண்டனை வாங்கி, அது ஆயுள் தண்டனையாக் குறைஞ்சு, வெளியே வந்து, 2007ல இறந்தார். சாகறதுக்கு முன்னாடி 'மக்கள் துணையோடு மரணத்தை வென்றேன்'னு தன் கதையைப் புஸ்தகமா எழுதி வெச்சார். 2023லயும் 2024லயும் 'விடுதலை' படம் ரெண்டு பாகமா வந்தப்போ, வாத்தியார் பாத்திரம் அவரைப் பார்த்துத்தான்னு ஊரே எழுதுச்சு. எப்படி எழுத முடிஞ்சது? ஒரு புஸ்தகம் இருந்ததால. மக்கள் நினைவு அந்தப் புஸ்தகத்துல தொத்திக்கிட்டு வந்தது, அவ்ளோதான்.

இன்னும் பழைய ஆள் ஒருத்தர், எம்.பி.டி. ஆச்சார்யா. 1887ல சென்னையில பிறந்தவர், பாரதியோட 'இந்தியா' பத்திரிகைக் கூட்டத்துல இருந்தவர். 1920ல தாஷ்கண்ட்ல இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். அப்புறம் எம்.என். ராயோட முட்டிக்கிட்டு பெர்லின் போய் அனார்கிஸ்ட் ஆனார். 1954ல பம்பாயில வறுமையில செத்தார். தமிழ்நாட்டுல எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்? ஆனா 2019ல இவரோட கட்டுரைகள் தொகுப்பா வந்தது, 2023ல முழு வாழ்க்கை வரலாறும் வந்தது. ரெண்டும் இங்கிலீஷ்ல. ரெண்டுக்கும் உழைச்சவர் ஓலே பிர்க் லார்சன்னு ஒரு வெளிநாட்டுக்காரர். காரணம் ரொம்ப சிம்பிள். ஆச்சார்யா ஐரோப்பியத் தோழர்களுக்கு எழுதின கடிதங்களை அவங்க தூக்கிப் போடலை. ஆம்ஸ்டர்டாம்ல 1935ல தொடங்கின சமூக வரலாற்று நிறுவனத்துல அதெல்லாம் அட்டைப் பெட்டியில இருக்கு.

அந்த நிறுவனத்துக்காரங்க செஞ்சதைக் கேளுங்க. 1938ல ஹிட்லர் ஆஸ்திரியாவை முழுங்கினப்போ, அவங்களோட நூலகர் அன்னி ஷெல்டெமாங்கற அம்மா வியன்னாவுக்கே போய், பக்கூனினோட கையெழுத்துப் பிரதிகளை மீட்டுக்கிட்டு வந்தாங்க. ஹிட்லர்கிட்டேருந்தே காப்பாத்தியிருக்காங்க! நம்மளால பழைய பேப்பர் கடைக்காரர்கிட்டேருந்து காப்பாத்த முடியலை.

"வெள்ளைக்காரனுக்குப் பணம் இருக்கு"ன்னு ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். அப்ப ஈழத்தைப் பாருங்க. 1981ல யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சாங்க. சுமார் 97,000 புஸ்தகம் சாம்பல். அந்தச் சூடு பட்ட ஜனங்க, 2005லேருந்து 'நூலகம்' திட்டம்னு இணையத்துல ஒவ்வொரு பக்கமா ஸ்கேன் பண்ணி ஏத்திக்கிட்டிருக்காங்க. ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்ட இயக்கங்களோட வெளியீடுகளும் அங்கே ஒரே அலமாரியில இருக்கு. நம்ம குரூப்புங்க உடைஞ்சு உடைஞ்சு பிரிஞ்சாங்க, ஒவ்வொரு பிளவுலயும் எதிர்க் கோஷ்டியோட பேப்பரைத் தூக்கி எறிஞ்சாங்க. "அவன் திருத்தல்வாதி, அவன் எழுதினதை எதுக்குப் பத்திரப்படுத்தணும்?" அட, திட்டறதுக்காவது பத்திரப்படுத்தியிருக்கலாமேய்யா!

இப்ப முக்கியமான விஷயம். நாம வைக்கலைன்னா யாருமே வைக்கலைன்னு அர்த்தமில்லை. கியூ பிராஞ்ச் வெச்சிருக்கும். கோர்ட் வெச்சிருக்கும். எங்க வாத்தியார் மாதிரி ஆளுங்க நாளைக்கு வரலாத்துல இருந்தா, 'அக்யூஸ்டு நம்பர் 7'ன்னுதான் இருப்பாங்க.

அரசாங்கத்துக் காகிதத்துக்கு என்ன பலம்னு எங்க மாவட்டத்துக்காரனுக்கு நல்லாத் தெரியும். 1891ல செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களோட நிலைமை பத்தி ஒரு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்துதான் 1892ல பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. நூறு வருஷம் கழிச்சு காரணையில பஞ்சமி நிலத்தை மீட்க ஜனங்க எழுந்தாங்க. 1994 அக்டோபர் 10ல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் உயிரை விட்டாங்க. உரிமையை நிரூபிக்க அந்த ஜனங்க கையில இருந்தது கலெக்டர் எழுதின காகிதம். அந்த 1891ல சேரியில உட்கார்ந்து நம்ம பாட்டன்மார் என்ன பேசினாங்க, என்ன கேட்டாங்கங்கறதுக்கு அவங்களே எழுதின காகிதம் எங்கே? கலெக்டர் சொன்ன அளவுக்குத்தான் நமக்குத் தெரியும். இதே கதை நக்சல்பாரிக்கும் நடக்கணுமா?

"பேப்பர் இருந்தா ஆபத்து, இன்னிக்கும் ஊபா இருக்கே"ன்னு கேக்கறவங்க கேள்வியை மட்டும் மதிக்கிறேன். அந்தம்மா வெந்நீர் அடுப்புல போட்டது தப்புன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவங்க மகனைக் காப்பாத்தினாங்க. ஆனா 1975ல எரிச்சதும் போன வருஷம் எடைக்குப் போட்டதும் ஒண்ணா? முதல்ல எரிச்சது பயத்துல. ரெண்டாவது நம்ம அலட்சியம். உயிரோட இருக்கிறவங்க பேரை மறைச்சு, முப்பது வருஷம் திறக்கக்கூடாதுன்னு சீல் வெச்சுக்கூட ஒப்படைக்கலாம். அதுக்கெல்லாம் வழி இருக்கு, மனசுதான் இல்லை.

அதனால தயவுசெஞ்சு, இந்தப் பதிவுக்கு "அருமை, தொடருங்கள்"னு பின்னூட்டம் போடாதீங்க. உங்க ஊர்லயும் கட்டிலுக்கடியில ஒரு பெட்டி இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமையே போங்க. மொபைல்ல படம் எடுத்தாப் போதும். பெரியவர் உயிரோட இருந்தா, ஒவ்வொரு தாளையும் காட்டி "இது எப்ப, எங்க, யார் எழுதினது"ன்னு கேட்டு, தனித் தாள்ல பென்சிலால குறிச்சுக் கூட வையுங்க. அப்புறம் சென்னையில ரோஜா முத்தையா நூலகம் மாதிரி இடத்துல கேட்டுப் பாருங்க. கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் சேர்த்த லட்சத்துக்குக் கிட்டத்தட்ட சேகரம்தான் 1994ல அந்த நூலகமா ஆச்சு. அவர் எந்தக் கட்சித் தீர்மானத்துக்கும் காத்திருக்கலை.

தேரோட அச்சு முறிஞ்சதை ஆயிரம் வருஷமா ஞாபகம் வெச்சிருக்கிற ஊர் எங்க ஊர். அச்சடிச்ச காகிதத்தை அம்பது வருஷம் வெச்சிருக்கத் துப்பில்லாமப் போயிட்டோம்.

டிஸ்கி: கைக்குக் கிடைச்ச நாலு தாளையும் படம் எடுத்தாச்சு. அந்தக் கூலி நோட்டீஸ் எந்த வருஷத்துதுன்னு மதுராந்தகம் பக்கத்துப் பெரியவங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க மாட்டேன், அன்னிக்கே கிளம்பி வரேன்.