கிட்டாரில் 'உம்ம்' சத்தமா?

வேப்பனப்பள்ளி வாசகர் கேட்கிறார்: "எலெக்ட்ரிக் கிட்டார் 'உம்ம்' என்று இரைகிறது. ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் நிற்குமாமே?"

எடுக்கவே எடுக்காதீர்கள்! 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி ஷாக் அடித்து இறந்தார். கிட்டார் கம்பியும் ஆம்ப்ளிஃபயர் எர்த்தோடுதான் இணைந்திருக்கிறது.

முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து, சுவர் பாயின்டில் எர்த் வருகிறதா என்று பாருங்கள். டெஸ்டர் விளக்கு எரிவது கரன்ட்டுக்குத்தான் அடையாளம், எர்த்துக்கு அல்ல.

எர்த் சரியென்றால் கம்பியைத் தொடுங்கள். சத்தம் குறைகிறதா? பிரிட்ஜுக்குப் போகும் ஒயர் நன்றாக இருக்கிறது. பிக்கப் குழிக்குள் காப்பர் டேப் ஒட்டி எர்த்தில் சேர்த்தால் இன்னும் அடங்கும். குறையவே இல்லையா? அந்த ஒயரின் சால்டரிங் விட்டிருக்கலாம். டியூப்லைட், போன் சார்ஜர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கட்டும்.