பழைய ஜீப்புக்குச் சட்டத்தில் இடமுண்டா?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலை 11-ஆம் தேதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. கிருஷ்ணகிரி - திண்டிவனம் நெடுஞ்சாலையில் வார இறுதி நாள்களில் செஞ்சியை நோக்கி வரும் வாகனங்களைக் கவனித்தால், அவற்றில் ஒரு வகை தனித்துத் தெரியும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஜிப்ஸி, பழைய தார், பொலிரோ, சஃபாரி. அடிப்பகுதி உயர்த்தப்பட்டிருக்கும், டயர்கள் சக்கர வளைவுக்கு வெளியே துருத்தி நிற்கும், முன்புறம் இரும்புக் குழாய் வேலி, கூரையின் மேல் எல்இடி விளக்குப் பட்டை. ஏறக்குறைய எட்டாண்டுகள் முகலாயப் படையை ஏறவிடாமல் நிறுத்திய குன்றுகளின் அடிவாரத்தில் இவை வந்து நிற்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ராஜகிரியின் உச்சிக்குக் காலால் நடந்துதான் போக வேண்டும் என்பது வேறு விஷயம்.

இந்த வாகனங்களைக் கேலி செய்வது எளிது. அபராதம் விதிப்பது அதைவிட எளிது. ஆனால் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. பழைய வாகனம் ஒன்றை வாங்கி, அதைக் கரடுமுரடான பாதைக்கு ஏற்பப் பாதுகாப்பாக மாற்றியமைக்க விரும்பும் ஒருவர், சட்டப்படி அதைச் செய்ய வழி உண்டா? இன்றைய நிலையில் பெரும்பாலும் இல்லை. வழி இல்லாததால் மாற்றங்கள் நின்றுவிடவில்லை. கணக்கில் வராத பட்டறைகளுக்குள் போய்விட்டன.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தெளிவானது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு நடந்த சட்டத் திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உயர்த்திய ஸ்பிரிங், பெரிய டயர், முன் வேலி என்று ஒரே வண்டியில் மூன்று மாற்றங்கள் இருந்தால் கணக்கு தனித்தனியே ஓடும்.

ஆனால் அதே 2019 திருத்தம் 52-ஆவது பிரிவில் இன்னொன்றையும் சேர்த்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாகன மாற்றங்களுக்கான தர அளவுகளையும் அனுமதி நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம். அவ்வாறு வகுத்தபடி மாற்றினால் உற்பத்தியாளரின் உத்தரவாதமும் செல்லாததாகாது என்கிறது அந்தத் திருத்தம். எரிவாயுக் கருவி பொருத்துவதற்கும், மின் மோட்டாருக்கு மாறுவதற்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வண்டியை அமைப்பதற்கும் வழிமுறைகள் உள்ளன. ஸ்பிரிங், டயர், மீட்புக் கொக்கி, வின்ச் ஆகியவற்றுக்கு அப்படி ஒரு தெளிவான பாதை போடப்படவில்லை. கதவு சட்டத்திலேயே இருக்கிறது. அதைத் திறக்கும் விதிதான் இல்லை.

இதன் விளைவைப் பட்டறையில் பார்க்கலாம். பழைய எஸ்யுவி ஒன்றைக் கரடுமுரடான பாதைக்குத் தயார் செய்ய நினைப்பவர் முதலில் பணம் போட வேண்டிய இடங்கள் கண்ணில் படாதவை: பிரேக், ஸ்டீயரிங் இணைப்புகள், தேய்ந்த புஷ்கள், கசியும் ஷாக் அப்சார்பர், துருப்பிடித்த சேஸிஸ், கூலிங் அமைப்பு. பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியில் இவற்றைச் சரிசெய்யவே கணிசமான தொகை போய்விடும். அதன்பின் நல்ல டயர். அதற்குப் பிறகும் கையில் காசு இருந்தால் சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்கிய மீட்புக் கொக்கி, தரமான இழுவைப் பட்டை, டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் கம்ப்ரஸர். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டுபவர் தார்ச்சாலைக்கு ஏறும் முன் மீண்டும் நிரப்பியாக வேண்டும். இல்லையேல் டயர் சூடேறி வெடிக்கும். ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது தலைகீழ். முதலில் விளக்குப் பட்டை, பிறகு முன் வேலி, பிறகு உயர்த்துதல். பிரேக்கை யாரும் கேட்பதில்லை. படத்தில் பிரேக் தெரியாது அல்லவா?

உயர்த்துவதன் ஆபத்தை ஒரு சின்னக் கணக்கில் சொல்லலாம். வாகனம் கவிழாமல் நிற்கும் திறனைக் கணக்கிட, இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்கிறார்கள். அகலம் 1,400 மி.மீ., மையத்தின் உயரம் 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் விடை 1. மையம் 70 மி.மீ. உயர்ந்தால் விடை சுமார் 0.91. நேர்ச்சாலையில் இந்த ஒன்பது சதவீத இழப்பு தெரியாது. திருவண்ணாமலைச் சாலையில் இரவு நேரத்தில் குறுக்கே வந்த மாட்டுக்காக ஸ்டீயரிங்கைத் திருப்பும் அரை விநாடியில் தெரியும். வண்டி உயரும்போது கியர்பெட்டியிலிருந்து அச்சுக்குச் செல்லும் தண்டின் கோணமும் மாறுகிறது. இணைப்புகள் சீக்கிரம் தேய்கின்றன. 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 அங்குலம் போட்டால், வேகமானி 80 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 88 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டிய பிரேக் மட்டும் பழைய பிரேக்தான்.

முன் வேலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. காற்றுப்பையின் உணரியை இந்த வேலி குழப்பும் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். பழைய ஜிப்ஸியில் காற்றுப்பையே கிடையாதே என்று உரிமையாளர் வாதிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் மோதலின் விசையை நேராகச் சேஸிஸுக்குக் கடத்துவதும், நடந்து செல்பவரின் இடுப்பிலும் தலையிலும் இரும்பு மோதுவதும் எந்த ஆண்டின் வண்டிக்கும் பொருந்தும். கோட்டையைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் ஊரில் இந்த வேலிக்கு இடமில்லை. எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் விளக்குப் பட்டைக்கும் இதே தீர்ப்புதான். இந்த இரண்டையும் பறிமுதல் செய்வதில் எவ்விதத் தயக்கமும் தேவையில்லை.

தயக்கம் தேவைப்படுவது வேறிடத்தில். 2024 நவம்பர் 30 இரவு ஃபென்ஜால் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. செஞ்சிக்குத் தொலைவில் இல்லாத மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் கிராமச் சாலைகள் பல துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாள்களில் இடுப்பளவு நீரில் போகக்கூடியவை டிராக்டர், லாரி, நான்கு சக்கரமும் இயங்கும் உயரமான வண்டி ஆகியவைதான். ஸ்நார்கல் எனப்படும் உயர்த்திய காற்றுக் குழாய் நகரத்தில் வெறும் அலங்காரம். ஏரி உடைந்த ஊரில் அது பயன்படும் கருவி. என்ஜினுக்குள் காற்றுக்குப் பதில் நீர் புகுந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆனால் குழாயை மட்டும் உயர்த்திவிட்டு வெள்ளத்தில் இறங்குவதும் மடமை. அச்சுப் பெட்டிகளின் மூச்சுக் குழாய்களையும் உயர்த்தாவிட்டால் கியர் ஆயிலில் நீர் கலக்கும். நீரோட்டம் வலுத்தால் உள்ளே காற்று நிரம்பிய வண்டி மிதந்துபோகும். எந்த மாற்றம் எதைக் காக்கும், எதைக் காக்காது என்று சொல்லித் தரவும் சோதித்துச் சான்று தரவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குத்தான் நம் விதிகளில் இடமில்லை.

செஞ்சி வட்டாரத்தில் பழைய வண்டி என்பது பெரும்பாலும் பொழுதுபோக்கு அல்ல. நெல் மூட்டையும் மணிலாப் பயிருக்கான உரமும் ஏற்றி, கரம்பிலும் ஏரிக்கரையிலும் ஓடும் பொலிரோவுக்குப் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் செருகாத மெக்கானிக் அரிது. கடுமையாகப் பார்த்தால் அதுவும் மாற்றம்தான். சென்னையிலிருந்து வந்தவரின் விளக்குப் பட்டையும் இந்த விவசாயியின் கூடுதல் பட்டையும் சட்டத்தின் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சோதனைச் சாவடியில் எது நிறுத்தப்படும் என்பது அன்றைய அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. இத்தனைக்கும் பழைய வண்டி வைத்திருப்பது மலிவாகவும் இல்லை. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் அது ரூ.10,000 ஆனது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? ஜெர்மனியில் மாற்றியமைத்த வாகனத்தை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் பொறியாளர் ஆய்வு செய்து, மாற்றத்தை வாகன ஆவணத்திலேயே பதிய வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இலகுரக வாகன மாற்றங்களுக்கென்றே தேசிய நடைமுறை விதித்தொகுப்பு உள்ளது. சிறிய அளவு உயர்த்தலுக்குத் தனிச் சான்று தேவையில்லை, அதைத் தாண்டினால் பொறியாளரின் கையொப்பம் வேண்டும். நம்மிடம் தானியங்கிச் சோதனை நிலையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அங்கேயே பிரேக் திறனையும் விளக்கின் கோணத்தையும் அளந்து, 50 மி.மீ. வரையிலான உயர்த்தலையும் ஒரு படி பெரிய டயரையும் மீட்புக் கொக்கியையும் ஆர்.சி.யில் பதிய வைக்க முடியும். பதிந்தால் காப்பீடும் நேராகும். மின்சாரத் துணைக்கருவிகளைக் கூடுதல் பிரீமியம் செலுத்திக் காப்பீட்டில் சேர்க்கும் ஏற்பாடு இப்போதே உண்டு. சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் நிறுவனம் கையை விரிக்க இடமிருக்கிறது. அப்போது நட்டம் உரிமையாளரோடு நிற்காது.

வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விடை கிடைத்தாலும், அது எங்கே ஓட வேண்டும் என்பது மிஞ்சுகிறது. செஞ்சியில் அந்தக் கேள்வி கூர்மையானது. கோட்டைக் குன்றுகள் மட்டுமே சின்னங்கள் அல்ல. 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களைச் சுமக்கும் திருநாதர்குன்று, மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டு, தளவானூர் குடைவரைகள், பனைமலைக் கோயில் என்று சுற்றிலும் ஒவ்வொரு பாறையிலும் வரலாறு இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்பது கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தவே எழுதப்பட்டது. பாறைச் சரிவில் ஏறும் டயரை அது நேராகத் தொடுவதில்லை. சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு; ஆனால் சேதமான பிறகு கிடைக்கும் தண்டனையால் என்ன பயன்? மேற்கே பாக்கமலைக் காப்புக்காடு இருக்கிறது. வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் உள்ள அந்த இடத்தில் அனுமதியின்றி நுழைவதே வனச்சட்டப்படி குற்றம். ஏரிகளின் உட்புறமோ, மழைக்காலத்தில் உழப்பட்டால் மடைக்கு நீர் போகும் வாய்க்காலே மாறிவிடக்கூடிய இடம்.

இடுக்கி மாவட்டத்தில் 2025 ஜூலையில் ஒரு விபத்தையடுத்து மலைப்பாதை ஜீப் சவாரிகளுக்கு ஆட்சியர் தடை விதித்தார். பின்னர் நிபந்தனைகளோடு அனுமதி தரப்பட்டது. அங்கே ஜீப் பலருக்குப் பிழைப்பு. விபத்து நடக்கும்வரை காத்திருந்து தடை போட்டு, பிறகு விதி எழுதியது அந்த நிர்வாகம். விழுப்புரம் மாவட்டத்துக்கு அந்த வரிசையைத் தலைகீழாக்க இன்னும் நேரம் இருக்கிறது. வெட்டி முடித்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் ஆழ்குழியும் நீரும் இல்லாத ஒன்றைத் தேர்ந்து, வேலியிட்டு, கட்டணம் வாங்கி, வண்டியைச் சோதித்து உள்ளே விடலாம். உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான வாகன நிறுத்தத் திட்டத்தோடு இதையும் சேர்த்தே யோசிக்கலாம். அங்கே பதிந்துகொள்ளும் வண்டிகளின் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்குமானால், அடுத்த வடகிழக்குப் பருவமழையில் ஏரி உடையும் இரவில் யாரை அழைப்பது என்று தேட வேண்டியிராது.