பூஜ்யமும் ஒன்றும் மட்டும் போதுமா?

"கணிப்பொறிக்குத் தெரிந்தது பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே" என்று பாடத்தில் படிக்கிறோம். உண்மைதான். ஆனால் அத்துடன் நிறுத்திவிடுவது சரியன்று என்பது என் கருத்து. எந்திர மொழி உலகம் முழுவதற்கும் ஒன்றே என்ற எண்ணம் இதனால் மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. கல்லூரிக்கு வந்த பின்னும் அது எளிதில் அகல்வதில்லை.

எங்கள் தேவதானத்திலிருந்து இராஜபாளையம் சென்றால், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பலவற்றைக் காணலாம். 'ஏடு' என்றால் நமக்கு ஓலை அல்லது தாள். அவர்களுக்கோ ஏழு என்னும் எண்! ஒலி ஒன்றுதான். எந்த மொழி என்று தெரியாமல் பொருள் கூற இயலாது அல்லவா?

13 00 00 00 என்னும் நான்கு பைட்களைப் பாருங்கள் (பதினாறடிமான எண்களில் எழுதியுள்ளேன்). ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலிக்கு இது 'ஒன்றும் செய்யாதே' என்னும் ஒரே ஆணை. 64 பிட் இன்டெல் செயலியோ இதையே இரண்டு கூட்டல் ஆணைகளாகப் படிக்கும். இரண்டாவது ஆணை நினைவகத்தில் உள்ள எண்ணையே மாற்ற முனையும்.

ரிஸ்க்-ஃபைவ் எங்கோ அயல்நாட்டில் மட்டும் உள்ளதன்று. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' செயலி அவ்வகையே. 2018-ல் சண்டிகரில் அதன் சில்லு ஒன்று தயாரிக்கப்பட்டது. அதற்கான நிரலை நாம் எழுதுவதோ பெரும்பாலும் இன்டெல் வகை மடிக்கணினியில். இரும ஆணைகளைப் பிரித்துக் காட்டும் 'ஆப்ஜ்டம்ப்' என்னும் கருவி அதில் உண்டு. சக்திக்கான கோப்பைக் கொடுத்தால், "இந்த வகை எனக்குத் தெரியாது" என்று அது கைவிரிக்கக்கூடும். கைவிரிப்பது நல்லதே! தலைப்பகுதி இல்லாத வெறும் பைட்களைக் கொடுத்து, இன்டெல் வகை என்றும் சொல்லிவிட்டால், தயங்காமல் ஒரு தவறான பட்டியலை நீட்டும். பார்வைக்கு அது சரியானது போலவே இருக்கும்.

லினக்ஸில் இயங்கும் 'எல்ஃப்' கோப்புகளில் 19, 20 ஆம் பைட்கள் செயலியின் வகையைக் கூறுகின்றன. 62 என்றால் 64 பிட் இன்டெல் வகை. 183 என்றால் கைப்பேசிகளில் உள்ள 64 பிட் ஆர்ம். 243 என்றால் ரிஸ்க்-ஃபைவ். 'ரீட்எல்ஃப்' கருவி எவ்வகைக் கோப்பாயினும் இத்தலைப்பைப் படித்துவிடும். முதலில் இதைப் பார்த்துவிட்டு, அவ்வகைக்கு உரிய ஆப்ஜ்டம்ப்பைத் தேர்ந்தெடுப்பதே முறை.

8085 பயிற்சிப் பெட்டியை ஆய்வுக்கூடத்திலிருந்து தூக்கி எறியச் சொல்லவில்லை. அதனருகில் வேறொரு வகையும் வேண்டும் என்கிறேன். இக்கருவிகள் யாவும் இலவசமே. ஒரே சிறு நிரலை இரண்டு வகைச் செயலிகளுக்கும் மாற்றி, இரு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க ஒரு பிற்பகல் போதும்.