86 மீட்டரும் அண்ணனின் தீர்ப்பும்

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டேன். ஆறவில்லை. எழுதிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் யாராவது படித்தால் நேரில் திட்டிக்கொள்ளுங்கள் :-)

விடுப்பில் அல்சூர் போயிருந்தேன். (மெட்ரோ நிலையத்தில் ஹலசூரு என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இன்னும் அல்சூர்தான்.) அண்ணன் மகனுக்கு 15 வயது. நான் இங்கே ஜெர்மனியில் வாரக்கடைசியில் கிளைடர் ஓட்டுவது அவனுக்குத் தெரியும். கோடை விடுமுறைக்கு வந்து கிளப்பில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருஷமாக நச்சரிக்கிறான். சரி, முதலில் கருவியைப் பழகட்டும் என்று என்னுடைய பழைய ஜி.பி.எஸ். லாகரைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போனேன்.

எஸ்.பி. ரோட்டில் 12 வோல்ட் பேட்டரியும் வயரும் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து இருவருமாக மாட்டினோம். முதலில் ஒன்றும் வரவில்லை. பையன் உடனே ரீசெட் பட்டனைத் தேடினான். கையைப் பிடித்து நிறுத்தினேன். பெட்டி ஒரு வேகத்தில் பேசுகிறது, டேப்லெட் வேறு வேகத்தில் கேட்கிறது. 19200 என்று இரண்டு பக்கமும் வைத்ததும் பாதி சரியானது. மீதிப் பாதி, அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருந்தது. கிளைடர் கருவிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். வயர், வேகம், வோல்டேஜ். ரேடியோவில் பேச பட்டனை அழுத்தினால் ஜி.பி.எஸ். அணைந்து எரிகிறதா? பேட்டரி கிழடாகிவிட்டது என்று அர்த்தம். ஆன்டெனாவைக் கார்பன் ஃபைபர் உடம்புக்கு அடியில் ஒளித்துவைத்தால் சிக்னல் எங்கிருந்து வரும்? இதற்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை, பொறுமை போதும்.

திரையில் உயரம் வந்தது. 826 மீட்டர்.

அண்ணன் காபியோடு மேலே வந்தார். தன் போனை எடுத்துப் பார்த்தார். அதில் 912. ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு என்று எழுதியிருப்பார்களே, பெங்களூரில் அது 900ஐ ஒட்டி இருக்கும் என்பது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

"என்னடா, 86 மீட்டரைக் காணோம்? இந்தப் பொட்டிய நம்பியா எஞ்சின் இல்லாத வண்டியில என் பையன ஏத்தப் போற?"

அதோடு விட்டாரா? அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸப் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது. அமெரிக்காக்காரன் இந்தியாவுக்கு மட்டும் ஜி.பி.எஸ்.ஸில் வேண்டுமென்றே தப்புக் காட்டுகிறானாம். நியூஜெர்சி சித்தி கைதட்டல் போட்டார். துபாய் மாமா, நம்மிடம் நாவிக் இருக்கும்போது அவன் எதற்கு என்றார். இத்தனை பேரில் இன்ஜினியர்கள் எத்தனை என்று எண்ணினேன். ஒன்பது. அந்த 86 எங்கிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கோபம் அங்கேதான்.

சதிக் கதையில் ஒரு காலத்தில் பாதி உண்மை இருந்தது. பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பும் ஏற்பாடு இருந்தது. அது உலகம் முழுவதற்கும்தான், நமக்கு மட்டும் ஸ்பெஷலாக இல்லை. அதையும் 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அரசு நிறுத்திவிட்டது. இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர் அதற்கப்புறம் எதையும் படிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நிஜக் காரணம் நம் காலடியில் இருக்கிறது. ஜி.பி.எஸ். கணக்குக்குப் பூமி என்பது லேத்தில் கடைந்தெடுத்த மாதிரி வழுவழுப்பான, கொஞ்சம் தட்டையான உருண்டை. கடல் மட்டமோ ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே கடல் மட்டம் அந்தக் கணக்கு உருண்டைக்கு 100 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதன் ஓரம் தென்னிந்தியா வரை நீள்கிறது. பெங்களூரில் அந்த இறக்கம் சுமார் 86 மீட்டர். 1948லேயே வெனிங் மைனஸ் என்ற டச்சுக்காரர் கண்டுபிடித்த பள்ளம் இது. அது ஏன் உண்டானது என்பதற்கு 2023இல் ஒரு விளக்கம் வெளியிட்டவர்கள் யார் தெரியுமா? அதே பெங்களூரில், ஐ.ஐ.எஸ்.சி.யில் அப்போது இருந்த அத்ரேயி கோஷும் தேபாஞ்சன் பாலும். அல்சூரிலிருந்து ஆட்டோவில் போகலாம்!

அண்ணன் போன் அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுக் காட்டியது. என் பழைய பெட்டி கழிக்காமல் காட்டியது. இரண்டுமே உண்மை, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். பறந்த தடத்தைப் பதிவு செய்யும் ஐ.ஜி.சி. கோப்பில் ஜி.பி.எஸ். உயரத்தைக் கழிக்காமல்தான் எழுத வேண்டும் என்பது விதி. நிலத்தின் உயரத்தைச் சொல்லும் வரைபடமோ கடல் மட்டக் கணக்கு. இரண்டையும் கலந்தால் ஆபத்து. மென்பொருளில் அதற்கென்று ஒரு தேர்வு இருக்கிறது. மாற்ற அரை நிமிஷம்.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. ஏழு வருஷம் முன் ஸ்வேபிய ஆல்ப் மலைப்பக்கம் நானே மாட்டினேன். அங்கே கதை தலைகீழ். கடல் மட்டம் அந்தக் கணக்கு உருண்டைக்குச் சுமார் 48 மீட்டர் மேலே. அதனால் கழிக்காத பெட்டி, இல்லாத 48 மீட்டரை இருப்பதாகக் காட்டும். என் கிளைடர் 1 மீட்டர் இறங்கினால் 40 மீட்டர் முன்னே போகும். 48ஐ 40ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் கற்பனைத் தூரம். வழக்கமாகக் கையிருப்பாக 200 மீட்டர் வைப்பேன். அன்று காற்று நன்றாக இருக்கிறது என்ற திமிரில் அதை 50 ஆக்கியிருந்தேன். ஆக நிஜக் கையிருப்பு 2 மீட்டர். ஓடுதளத்துக்கு முன்னால் பார்லி வயலில் இறங்கினேன். எனக்கு அடி இல்லை. விவசாயிக்குப் பயிர் காசு கொடுத்தேன். திரைக்கு ஒரு சாண் பக்கத்தில், காற்றழுத்தத்தை வைத்து ஓடும் சாதாரண ஆல்டிமீட்டர் கடைசிவரை சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

இதை அண்ணனிடமும் சொன்னேன். "பார்த்தியா, அதான் வேணாங்கறேன்" என்றார். அவர் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கிளைடரில் விபத்து நடக்கிறது, ஆட்கள் சாகிறார்கள். அதைச் சொல்லித் தடுத்தால் உட்கார்ந்து பேசலாம். ஆனால் 'பெட்டி பொய் சொல்லுது' என்று தடுத்தால் அது பயமே இல்லை, சோம்பேறித்தனம்.

இப்போது வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு வருகிறேன். இங்கே 14 வயதில் கிளைடரைத் தனியாக ஓட்டலாம். என் கிளப்பில் அந்த வயதுப் பெண் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் நின்று வயர் உரிக்கிறார்கள், சால்டர் வைக்கிறார்கள். நம் பிள்ளைகள் எங்கே? அபாகஸ், கீபோர்டு, கோடிங் வகுப்பு. எதையும் திறந்து பார்க்க விடுவதில்லை. கெட்டால் ரீசெட், அதற்கும் மசியவில்லை என்றால் புதுசு. ஆனால் ராக்கெட் போனால் மட்டும் குழுவில் 40 தேசியக் கொடி.

நாவிக் பற்றிய பெருமையும் இந்த ரகம்தான். 2013இல் முதல் செயற்கைக்கோள் போனது. அதிலிருந்த இறக்குமதி ரூபிடியம் கடிகாரங்கள் பின்னாளில் பழுதாயின. மாற்றாக 2017இல் அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2023இல் உள்நாட்டுக் கடிகாரத்தோடு என்.வி.எஸ். 01 போய்ச் சேர்ந்தது. நிஜமான சாதனை. 2025 ஜனவரியில் போன என்.வி.எஸ். 02 உரிய பாதைக்கு ஏறவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பெருமைப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். துபாய் மாமாவுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. அதைவிட, விமானங்களுக்காகவே இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நடத்தும் ககன் பற்றிக் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. ஜி.பி.எஸ். பிழையைத் திருத்தி அனுப்பும் அதன் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் குந்தலஹள்ளியில் இருக்கிறது. ஜி.பி.எஸ். அலைவரிசையிலேயே வருவதால் என் பழைய பெட்டிகூட அதைப் பிடிக்கும். மெனுவில் அமெரிக்கப் பெயரிலோ ஐரோப்பியப் பெயரிலோ இருக்கும் திருத்தச் சேவையை 'ஆன்' செய்தால் போதும். ககன் என்று தேடினால் கிடைக்காது. அதன் 127, 128 எண்கள் திரையில் 87 கழித்து 40, 41 என்று வரும்.

பெட்டியை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. விசா விண்ணப்பம் நிரப்பாமல் அலமாரியில் கிடக்கிறதாம்.

நேற்று ராத்திரி பையன் மொட்டை மாடியிலிருந்து போன் செய்தான். "சித்தப்பா, 40 வந்துடுச்சு. 41ம் வருது. உயரத்தையும் கழிச்சு வெச்சுட்டேன்."

பின்னால் அண்ணன் குரல் கேட்டது. "இப்ப எவ்வளவுடா காட்டுது?"